இரட்டைக் கம்பி அன்ரனா: அளவுநாடா இல்லாமல் இழுக்காதீர்கள்

வன்னியில் மின்சாமான் கடைகளில் ரிவிக்கென்று விற்கும் சின்ன அன்ரனா இது. கறுப்புப் பிளாஸ்ரிக் அடிக்கட்டை, அதில் இரண்டு இழுகம்பி, ஒன்றரை மீற்றர் மெல்லிய கேபிள். எஃப்எம் வானொலிக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் "கம்பியை முழுக்க இழுங்கோ, நல்லா எடுக்கும்" என்று வழமையாகச் சொல்வார்களே, அதை மட்டும் கேட்காதீர்கள்.

வானொலி அலை எதுவானாலும் காற்றில் ஓடும் வேகம் ஒன்றுதான்: செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்குள் எத்தனை அலை அடங்குகிறது என்பதே மீடிறன். எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வோர் அலைக்கும் கிடைக்கும் இடம் குறுகும். செக்கனுக்குப் பத்து இலட்சம் அலை என்றால் அது 1 மெகாஹேட்ஸ். ஆகவே 300ஐ மெகாஹேட்சால் பிரித்தால் ஓர் அலையின் நீளம், அதாவது அலைநீளம், மீற்றரில் வந்துவிடும். 98 மெகாஹேட்ஸ் நிலையத்துக்கு அது 3.06 மீற்றர். ஒரு கம்பி அதில் கால்பங்கு இருக்கவேண்டும், அதாவது 77 சென்ரிமீற்றர். கம்பி நுனியில் மின்புலம் கொஞ்சம் வெளியே வழிவதால், கம்பி தன் அளவைவிட நீளமானது போல நடந்துகொள்ளும். அதற்காக நூற்றுக்கு ஐந்து கழித்தால் 73. எஃப்எம்மின் அடியில், 88க்கு 81 சென்ரிமீற்றர். உச்சியில், 108க்கு 66. ஒவ்வொரு நிலையத்துக்கும் மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை, 73இல் நிறுத்தினால் எல்லாவற்றுக்கும் போதும்.

கம்பியை முழுக்க இழுத்தால் ஏறத்தாழ 1 மீற்றர் வரும். அது 71 மெகாஹேட்சுக்குரிய அளவு; எஃப்எம் எல்லைக்கே வெளியே. பிடித்த அலையில் ஒரு பங்கு கேபிளுக்குள் இறங்காமல் திரும்பிவிடும். 174 மீற்றர் உயரமான கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரத்துக்குக் கிட்ட, மாங்குளம், மல்லாவிப் பக்கம், அலை வலுவாக இருப்பதால் இந்த இழப்பு காதுக்குத் தெரியாது. செம்மலை, நாயாறு போன்ற கரையோரத்தில்தான் தெரியும்: பேச்சின் பின்னால் இரைச்சல் வரும், ஸ்ரீரியோ விளக்கு அணைந்து அணைந்து எரியும்.

ரிவிக்கு இந்தப் பிழை இன்னும் மோசம். 600 மெகாஹேட்சில் ஓர் அலையின் நீளமே 50 சென்ரிமீற்றர்தான். 1 மீற்றர் கம்பியில் இரண்டு முழு அலை நிற்கும். கம்பிகள் ஒரே கோட்டில் விரிந்திருந்தால், நேரெதிரே உள்ள கோபுரத்தின் அலை கம்பியின் ஒரு துண்டில் எழுப்பும் மின்னை அடுத்த துண்டு அழித்துவிடும். எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கத்துக்கே அன்ரனா செவிடாகிறது. கம்பியை 12 சென்ரிமீற்றருக்குச் சுருக்குங்கள், படம் தெளியும்.

அளக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. கம்பி அடிக்கட்டைக்குள் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் மறைந்திருக்கும், அதையும் சேர்த்தே அளக்கவேண்டும். இரண்டு கம்பியும் ஒரே அளவில் இருக்கட்டும். மெல்லிய நுனித்துண்டு தானாக உள்ளே வழுகும் என்பதால், அளவு சரிவந்ததும் மூட்டில் இன்சுலேற்றிங் ரேப்பால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.

தகரக் கூரையின் கீழ் வைத்தால் அளவெல்லாம் வீண். வெளியே, தகரத்திலிருந்து குறைந்தது ஒன்றரை மீற்றர் தள்ளி, காய்ந்த மூங்கிலிலோ பிவிசி குழாயிலோ கட்டுங்கள். எஃப்எம்முக்குக் கம்பிகளை முற்றாக விரித்து, அகலப்பக்கம் கோபுரத்தைப் பார்க்க நிறுத்துங்கள். நுனிகள் இருக்கும் திசையில் இது கேட்காது. படுக்கையாக வைத்துப் பலன் இல்லாவிட்டால் நிமிர்த்திப் பாருங்கள். சில நிலையங்கள் அலையை நெடுக்காகவே அனுப்பும்.

கூட வரும் கேபிள் கட்டை, மட்டமும்கூட. ரிவி அன்ரனாக்களுக்குப் போடும் தடித்த ஆர்ஜி-6 கேபிளுக்கு மாற்றுங்கள். முனையில் பிளக் போடும்போது, வெளிப்பின்னலின் ஒரு இழை நடுக்கம்பியில் முட்டினாலே சத்தம் செத்துவிடும். பழுதென்று திருப்பிக் கொடுக்குமுன் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான். கடற்கரையில் உப்புக் காற்றுக்கு மூட்டுகள் கறள் பிடிக்கும், அப்போது கம்பியை அசைத்தாலே கரகரக்கும்.

நடுத்தர அலை நிலையங்களுக்கு இது உதவாது. 1 மெகாஹேட்சின் அலை 300 மீற்றர்; அதற்கு வானொலிக்குள் இருக்கும் பெரைற் கட்டையே (செப்புக்கம்பி சுற்றிய கறுப்புக் காந்தக் கட்டை) போதும். 4ஜி றவுட்டருக்கும் இதை மாட்டாதீர்கள்.

ஐப்பசியில் பின்னேர இடி தொடங்கும் காலத்தில், வானம் கறுக்கும்போதே பிளக்கைக் கழற்றி யன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். இந்த அன்ரனாவில் மின்னலைத் தாங்கும் எதுவுமில்லை.