பச்சை விளக்கை நம்பி ஒரு குளிர்காலம் போச்சு

குதிரைக்கு முதுகில் போடும், மின்சாரத்தில் சூடாகும் போர்வை ரிப்பேர் முடிந்து போன வாரம்தான் திரும்பி வந்தது. அதே வாரம் தோழி ஒருத்தி போன் செய்து, "விலை குறைஞ்சிருக்கே, வாங்கட்டுமா?" என்று கேட்டாள். அவளிடம் அவசரத்தில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என் துளசிக்கு 14 வயது. ரேஸ் ஓடி ஓய்ந்த தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்), இப்போது என்னோடு ஜம்பிங், அதாவது தடை தாண்டுதல். லாயம் பெங்களூருக்கு வடக்கே, தேவனஹள்ளிப் பக்கம். மார்கழி, தை விடியற்காலையில் அங்கே நல்ல குளிர். சேணம் வைத்ததும் முதுகைத் தூக்கி விறைத்துக்கொள்வாள், கால் மணி நேரத்துக்குக் கழுத்தை இறக்கவே மாட்டாள். எலும்பில் கோளாறு இல்லை, தசை இறுக்கம்தான் என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் 2022 அக்டோபரில் இந்தப் போர்வையை வாங்கினேன்.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. போட்டு ஏழெட்டு நிமிஷத்தில் கீழுதடு தொங்க ஆரம்பிக்கும், காது இரண்டும் பக்கவாட்டில் சாயும், ஒரு பின்னங்காலை மடக்கிக் குளம்பு நுனியில் நிறுத்திக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விடுவாள். 20 நிமிஷம் கழித்து எடுத்துவிட்டு முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பார்த்தால், பலகை மாதிரி இருந்த இடம் பிசைந்த மாவு மாதிரி அமுங்கும். அதற்காக உடனே ஏறி ஓட்டக்கூடாது. வெளிச்சூடு தோலுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் வரைக்கும்தான் ஒழுங்காக இறங்கும், முதுகுத் தசையோ அதைவிட எவ்வளவோ தடிமன். அதனால் அப்புறமும் 15 நிமிஷம் நடக்க வைத்தே தீரவேண்டும்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். அந்தப் பச்சை விளக்கு! சுவிட்சில் மின்சாரம் வந்தால் எரியும், அவ்வளவுதான். உள்ளே துணி சூடாகிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. போன குளிர்காலம் முழுக்க துளசி வலது பக்கம் வளைய மறுத்தாள். சேணம் சரியில்லை என்று பஞ்சு மாற்றினேன், லாடக்காரரை இரண்டு முறை வரவழைத்தேன், என் உட்காரும் முறையையும் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் சைஸ் அண்ணன்தான், "லைட்டைப் பாக்காதீங்கம்மா, கையை விட்டுப் பாருங்க" என்றார். இடது பக்கம் கதகதப்பு, வலது பக்கம் பச்சைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. மடிக்கிற இடத்தில் கம்பி அறுந்திருக்கிறது. விற்றவர்களிடம் சொன்னால், "விளக்கு எரிகிறதே மேடம்" என்கிறார்கள். பாதி முதுகு மட்டும் இளகிய குதிரையைத் தடை தாண்ட வைத்திருக்கிறேன் என்று நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

ரிப்பேருக்குப் போன ஐந்து வாரமும் அண்ணன் கல்லுப்பை வறுத்து, பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி ஒத்தடம் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் முதலில் தன் முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் முதுகில் வைப்பார். அவர் கை கடுத்துப் போகும், ஒரு பக்கம் முடிப்பதற்குள் மறுபக்கம் ஆறிவிடும். ஆனாலும் அதே உதடு தொங்கியது, அதே நீளமான மூச்சு வந்தது.

தோழி காலில் சுற்றும் சூட்டுப் பட்டியையும் பற்றிக் கேட்டாள். வேண்டவே வேண்டாம். நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது முன்னங்கால் தசைநாணின் உட்பகுதி தானாகவே 45 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடாவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஓடிவந்த காலுக்குக் குழாய்த் தண்ணீர்தான் மருந்து. புது வீக்கம், புது அடி எதுவானாலும் முதல் இரண்டு மூன்று நாள் குளிர்ச்சிதான், சூடு ஆகாது. அப்புறம், தைலம் தடவிய முதுகில் போர்வையைப் போட்டுவிடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

ஆக, வாங்காதே என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு விலை குறைத்தாலும் சரி, அந்த விளக்கை மாற்றும் வரைக்கும் வேண்டாம். என்னுடையதை விற்கவும் மாட்டேன். இன்று காலையும் போட்டேன், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வலது பக்கம் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன், துளசி கண்ணை மூடிக்கொண்டாள்.