மாத்தூர் நடையும் கிழங்கும் மீன்கறியும்: நம்பிப் போகலாம், நேரத்தை மட்டும் மாற்றணும்

கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் பக்கம் தொடங்கி, ரப்பர் தோட்டம் வழியாக, கால்வாய்த் தண்ணீரை ஆற்றுக்கு மேலே கொண்டுபோகிற மாத்தூர் தொட்டிப்பாலம் வரை கூட்டமாகக் கூட்டிப்போய், மதியம் ஊருக்குள் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடையில் சோறு போட்டு அனுப்புகிற ஞாயிற்றுக்கிழமை நடை இது. பிள்ளைகளையும் வயதானவர்களையும் தாராளமாகக் கூட்டிப்போகலாம், பாதை பெரும்பாலும் நிழல்தான்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டரைக்குத்தான் கிளம்புகிறார்கள். ரப்பர் பால் வெட்டு என்பது விடிகாலை வேலை, குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெட்டுகிறவர்கள் யாரும் இல்லை. பட்டையில் சரிவாகக் கீறிய கோடும் அதன் நுனியிலிருந்து சிரட்டையில் சொட்டிய பாலும்தான் பார்க்கக் கிடைத்தன. எங்களோடு நடந்த ஒரு அண்ணன் சின்ன வயதில் வெட்டுக்குப் போனவராம். பட்டையை மட்டும் மெலிசாகச் சீவணும், கத்தி பட்டைக்கு உள்ளே இருக்கிற தடிவரை இறங்கிவிட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டுமுண்டாக வளரும், அப்புறம் அதில் ஒழுங்காக வெட்ட முடியாது என்று ஒரு மரத்தைத் தடவிக் காட்டியே சொன்னார். வழிகாட்ட வந்தவர் இதில் பாதியாவது சொல்லியிருக்கணும்.

பாலத்தில் அவசரப்படுத்தவில்லை, அதற்கு நன்றி. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் மேல் தண்ணீர் போகிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வயல்களுக்காக 1966-ல் கட்டியது. நடைபாதையிலிருந்து எட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் தொட்டிக்குள் கால்வாய், மறுபக்கம் ரொம்பக் கீழே ஆறு. படியிறங்கி ஆற்றங்கரைக்கும் போங்கள், தூண்களின் உயரம் அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும்.

சாப்பாடுதான் இந்த நடைக்கே உயிர். தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் சதைத்துப் போட்டு மசித்த மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளிதான்), மாங்காய் போட்ட அயிலை மீன்கறி, சம்பா அரிசிச் சோறு, அவியல், கடைசியில் ஆளுக்கு இரண்டு மட்டி வாழைப்பழம். கடைக்கார அக்கா "கொஞ்சம் கறி கூட ஊத்தட்டா மக்களே" என்று ஒவ்வொரு இலையாக வந்து கேட்டார். தேங்காய் வறுத்து அரைக்காமல் பச்சையாக அரைத்த கறி, புளிப்பு மாங்காயிலிருந்தே வந்தது. இந்தக் கறிக்காக மட்டும் கூடத் திரும்பப் போவேன்.

சைவக்காரர்கள் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், வறுத்த தேங்காய் அரைத்த புளிக்குழம்பான தீயல் வைத்துத் தருகிறார்கள்.