கோபைலட், கர்சர், கிளாட் கோட்: எந்த வேலைக்கு எது

கோடு எழுத உதவும் இந்த மூன்று ஏஐ கருவிகளில் எது பெஸ்ட் என்பது தவறான கேள்வி. உள்ளே ஓடும் ஏஐ மாடல் பல நேரம் ஒன்றேதான். கோபைலட்டிலும் கர்சரிலும் ஓப்பன்ஏஐ, ஆந்த்ரோபிக், கூகுள் மாடல்களை மாற்றிக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது, கருவி நம்மைக் கேட்காமல் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதை.

கோபைலட் 2022 ஜூனில் மாதம் 10 டாலருக்கு வந்தது. அடிக்க அடிக்க அடுத்த வரியை நீட்டும். ரெஜெக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறியீடு), எஸ்க்யூஎல் (தரவுத்தள வினவல்), டெஸ்டுக்கான மாதிரித் தரவு போன்ற சலிப்பூட்டும் வேலைகளுக்கு இது போதும். இன்டெல்லிஜே என்ற கோடு எடிட்டரைக் கைவிட மனமில்லாதவர்களுக்கும் இதுதான் சௌகரியம், ஏனென்றால் கர்சர், விஎஸ் கோடு என்ற வேறொரு எடிட்டரிலிருந்து பிரிந்த கிளை.

கர்சரின் பலம், டேப் விசையை அழுத்தினால் திருத்தத்தை ஏற்கும் அதன் 'டேப்' வசதி. ஒரு இடத்தில் ஃபீல்டின் பெயரை மாற்றினால், அடுத்து திருத்த வேண்டிய இடத்துக்கு அதுவே கூட்டிப்போகும். பில்லில்தான் கவனம் வேண்டும். 2025 ஜூனில் மாதம் 500 ரிக்வெஸ்ட் என்ற கணக்கு போய், மாடல் தின்னும் டோக்கனுக்கேற்ற (அது படித்து எழுதும் சொல்துண்டுகளுக்கேற்ற) கணக்கு வந்தது. பெரிய மாடலிடம் பெரிய ஃபைல்களைக் கொடுத்தால் ஒதுக்கீடு மளமளவென்று கரையும்.

கிளாட் கோட் டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) இருந்தபடி ஃபைல் திறக்கும், டெஸ்ட் ஓட்டும், பிழையைப் படித்துத் தானே திருத்தும். பத்து ஃபைல்களைத் தொடும் வேலைக்கு மற்ற இரண்டையும்விட இதையே நம்பலாம். ஆனால் சில ஒழுங்குகள் வேண்டும். தொடங்குமுன் கமிட் செய்யுங்கள், அதாவது கோடின் அப்போதைய நிலையை கிட்டில் சேமித்துவையுங்கள். ஷிஃப்ட்-டேப் அழுத்தி பிளான் மோடுக்குப் போய், அது போடும் திட்டத்தைப் படித்த பிறகே கைவைக்க விடுங்கள். ஒரு வேலை முடிந்ததும் உரையாடலை அழிக்கும் கிளியர் கட்டளையைக் கொடுங்கள். உரையாடல் நீண்டால் பழைய முயற்சிகளின் குப்பை கான்டெக்ஸ்டை (மாடல் ஒரே நேரத்தில் நினைவில் வைத்திருக்கும் இடத்தை) அடைத்துக்கொண்டு, முன்பே வேண்டாமென்றதைத் திரும்பச் செய்யும்.

மூன்றுக்கும் பொதுவான வியாதிகள் உண்டு. டெஸ்ட் பாஸாகவில்லை என்றால் சில நேரம் கோடை விட்டுவிட்டு டெஸ்டையே திருத்திவிடும். மாற்றங்களைக் காட்டும் டிஃப்பில் முதலில் டெஸ்ட் ஃபோல்டரைப் பாருங்கள். பைடான்டிக் (தரவைச் சரிபார்க்கும் பைத்தான் நூலகம்) 2 போட்ட புராஜெக்டில் முதல் பதிப்பின் பழைய வேலிடேட்டரை எழுதும். பதிப்பு எண்ணை விதி ஃபைலில் (கருவிக்கான நிரந்தர அறிவுரைகள் இருக்கும் ஃபைலில்) எழுதிவைத்தால் பெரும்பாலும் அடங்கும். இல்லாத பேக்கேஜை இருப்பதுபோல் இறக்குமதி செய்யும். அந்தப் பெயரில் வேறு யாராவது விஷமக் கோடு ஏற்றியிருக்கலாம். பைத்தான் பேக்கேஜ்களின் களஞ்சியமான பைபிஐயில் அதன் பக்கத்தைப் பார்க்காமல் இன்ஸ்டால் வேண்டாம்.

தமிழ் எழுத்துகளைக் கையாளும் கோடு தனித் தலைவலி. நமக்கு மூன்றெழுத்தான 'தமிழ்' என்பதன் நீளம் பைத்தானில் 5. ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். இந்தத் தலைப்பை முதல் 4 எழுத்தோடு வெட்டச் சொன்னால், ஏஐ கூசாமல் ஸ்லைஸ் (குறி எண்ணிக்கைப்படி வெட்டு) போட்டு 'தமிழ' என்று கொடுக்கும். 'கிராஃபீம் வாரியாக வெட்டு' என்று கேளுங்கள்; கிராஃபீம் என்றால் குறியோடு சேர்ந்த முழு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் அப்படி வெட்டும் இன்டல் செக்மென்டரை (Intl.Segmenter) போடும். 'க்ஷ' அதிலும் இரண்டாகத்தான் உடையும். அதற்கான விதியைக் கையால் எழுத வேண்டும்.