தொடைப் பட்டை மாற்றிய கையோடு: ரிங் ஃபிட் அனுபவம்

ரிங் ஃபிட் அட்வென்ச்சர் என்ற உடற்பயிற்சி வீடியோ கேமின் தொடைப் பட்டையில் வெல்க்ரோ ஒட்டாமல் போய்விட்டது. சென்னை வியர்வைக்கு எதுதான் தாங்கும்? தெருமுனைத் தையல்காரர் புதிதாக வைத்துத் தைத்துவிட்டு, "அடிபட்ட காலுக்காம்மா?" என்று கேட்டார். அதே வாரம் அலுவலகத் தோழி, பையனுக்கு இதை வாங்கலாமா என்று கேட்டாள். அதனால் எழுதுகிறேன்.

2019இல் ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்காக வந்த விளையாட்டு. ஒரு கன்ட்ரோலரை இடது தொடைப் பட்டையிலும், இன்னொன்றைக் கையில் பிடிக்கும் வளையத்திலும் செருக வேண்டும். நாம் நின்ற இடத்தில் ஓடினால் திரையில் வீரன் ஓடுவான்; வளையத்தை அமுக்குவது போன்ற பயிற்சிகளைச் செய்தால் அரக்கன் அடிபடுவான். நிண்டெண்டோ இங்கே நேரடியாக விற்பதில்லை. ரிச்சி தெருவில் இறக்குமதி சரக்குதான், வாரன்டி கடைக்காரரின் வாய்ச்சொல்தான். சரி, அது போகட்டும்.

என் கோபம் அந்தத் தொடைப் பட்டையின் மேல்தான். அதற்குள் செருகும் கன்ட்ரோலருக்குத் தொடையின் அசைவும் சாய்வும்தான் தெரியும். மற்ற உடம்பு என்ன செய்கிறது என்று தெரியாது. என் மகன் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டான். வளையம் மடியில், கையில் முறுக்கு, சோபாவில் சாய்ந்தபடி இடது காலை மட்டும் தையல் மெஷின் மிதிப்பதுபோல ஆட்டுகிறான். திரையில் வீரன் தலைதெறிக்க ஓடுகிறான்.

"என்னடா இது?"

"ஓடறேன்மா. சூப்பர்னு சொல்லுது பாரு."

அந்தப் பாராட்டைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போதாததற்கு, கொஞ்ச நேரம் ஆனதும் இன்றைக்கு நிறுத்திக்கொள்ளலாமா என்று அதுவே கேட்கும். இவன் வேண்டாம் என்றா சொல்வான்? 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வீட்டில் அதில் பாதி தேறினால் பெரிது.

ஆனால் வளையத்திடம் இந்த வேலை பலிக்காது. அமுக்கும் விசையையே அது அளப்பதால் கை வலிக்காமல் அரக்கன் சாக மாட்டான். மே மாத வெயிலிலும், தெருவில் முழங்கால் தண்ணீர் நின்று பள்ளிக்கு விடுமுறை விட்ட நாட்களிலும் இவனை அசைய வைத்தது இது ஒன்றுதான். கீழ் வீட்டு மாமி கதவைத் தட்டிய பிறகு, ஓட்டத்துக்குப் பதில் முட்டியை மடக்கி எழும் சத்தமில்லாத முறைக்கு மாற்றினேன். அப்புறம் லிஃப்ட் பழுதான வாரம், மூன்று மாடியையும் மூச்சு வாங்காமல் ஏறி, மேலே நின்று என்னைக் கிண்டல் செய்தான்.

தோழி இதை டாக்டர் எழுதித் தரும் கேம் என்று நினைத்திருந்தாள். அது வேறு: 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எண்டெவர்ஆர்எக்ஸ். கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கானது. உடம்பு இளைக்க அல்ல.

அவளிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். எங்களுடையதை இரவல் கேட்டாள். தர மாட்டேன் என்றுவிட்டேன். அடுத்த மாதம் மழை ஆரம்பிக்கிறது.