கார்ன்ஃப்ளார், ஆரோரூட், கழுநீர்: எங்கள் வீட்டு ஆறு வருஷக் கணக்கு

வெண்டைக்காய் மண்டி எங்கள் செட்டிநாட்டுப் புளிப்புக் கூட்டு; அதற்கு அரிசி கழுவிய இரண்டாம் கழுநீரில்தான் புளி கரைக்க வேண்டும், அது எங்கள் ஆயா வைத்த சட்டம். முதல் தண்ணீரோடு தூசும் தவிடும் போய்விடும். இரண்டாவதில் அரிசியை நன்றாக அலசினால் பால் மாதிரி வரும். புளித்தண்ணீர் தனியாகவும் காய் தனியாகவும் நிற்காமல் சேர்த்துப் பிடிப்பது அந்த மாவுச்சத்துதான். காரைக்குடியில் வளர்ந்த எனக்கு வேறு மாவு தேவைப்பட்டதே இல்லை, பேரப்பிள்ளைகளுக்காகத் தக்காளி சாஸ் காய்ச்சத் தொடங்கும் வரை.

அதற்குத்தான் கார்ன்ஃப்ளார், அதாவது மக்காச்சோளத்தின் வெள்ளை மாவுச்சத்து, வாங்கப் போனேன். கடையில் சோள மாவு என்று கேட்டுவிடாதீர்கள். எனக்கு ரொட்டி தட்டுகிற மஞ்சள் மாவைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். சரி, சரியான வெள்ளை மாவு கிடைத்த பிறகு சூப்புக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கொதி வந்து ஒரு நிமிஷம் நின்றால் போதும். கால் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டால் கிரேவிப் பதம், சூப்புக்குப் பாதி. மைதா என்றால் இரண்டு பங்கு வேண்டும், பச்சை வாசனை போக வெகுநேரம் கொதிக்கவும் வேண்டும்.

சாஸில்தான் கால் வாரிவிட்டது. கெட்டியாகக் காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்த பாட்டிலில் நாலாம் வாரம் மேலே தண்ணீர், கீழே திப்பி. புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் அந்த மாவு இளகிப்போகும்; குளிரில் வைக்க வைக்க நீர் விடும்.

அப்புறம் ஆரோரூட், கூவைக்கிழங்கு மாவு. மாம்பழச் சாற்றில் போட்டால் நிறம் மங்காமல் கண்ணாடி மாதிரி நிற்கும். பாயசத்துப் பாலில் போட்டேன், வழவழவென்று ஆகிவிட்டது. வீட்டில் ஒருவரும் இரண்டாம் கரண்டி கேட்கவில்லை.

நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தபோதுதான் கிளியர் ஜெல்லைப் பார்த்தேன். மாற்றம் செய்யப்பட்ட சோள ஸ்டார்ச். ஆப்பிள் பூரணத்தைப் பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் வேகவைக்க அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்வது இதைத்தான், அதிலும் சமைத்துக் கெட்டியாகும் வகையை. இன்ஸ்டன்ட் வகை ஆகாது. மற்ற மாவு போட்டால் கூழ் இறுகி, பாட்டிலின் நடுவுக்குச் சூடு சரியாகப் போய்ச் சேராது. உள்ளே கிருமி மிஞ்சும். அவள் போட்டது மாதக்கணக்கில் நீர் விடாமல் இருந்தது. விலை மட்டும் கொஞ்சம் கூடுதல்.

ஊருக்கு வந்ததும் நான் அதைத் தேடி அலையவில்லை. சாஸை மாவில்லாமல் சுண்டக் காய்ச்சி, வினிகர் விட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறேன். நீர்த்தாற்போல் தெரிந்தால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, கார்ன்ஃப்ளார் கரைத்து ஒரு கொதி விடுகிறேன்.

போன மாதம் மகள், "ஆத்தா, மண்டியைப் பாட்டிலில் போட்டு அனுப்ப முடியுமா?" என்று கேட்டாள். "அரிசி அங்கேயும் விற்கிறதில்லையா, கழுவு" என்றேன்.