சைட்கார் கோப்பையில் எந்தப் பழத்துக்கு எந்த வேலை?

மேயர் லெமன் காய்த்துக் குலுங்கும் வீட்டில்தான் சைட்கார் என்னும் பிராந்தி காக்டெய்ல் அதிகமாகக் கெட்டுப்போகிறது. பழத்தில் குறை ஒன்றும் இல்லை. புளிப்பு மிகுந்த லெமனுக்கென்று எழுதிவைத்த அளவில் மேயர் சாற்றை அப்படியே ஊற்றிவிடுகிறோம். கோப்பையில் வருவது பிராந்தி வாசனை அடிக்கும் சர்பத்.

சில குளிர்காலங்களாக ஒரே மாலையில் மூன்று நான்கு வகைப் பழங்களைப் பறித்து வைத்துக்கொண்டு, அரை அளவில் சிறு கோப்பைகளாகக் கலந்து, அடுத்தடுத்து வைத்துச் சுவைத்துப் பார்த்து வருகிறேன். அதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: வீட்டு மரத்தில் விளையும் ஒவ்வொரு பழத்துக்கும் இந்தக் காக்டெய்லில் ஒரு வேலை உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே வேலை இல்லை. ஒன்று புளிப்புக்கு, ஒன்று இனிப்புக்கு, ஒன்று வாசனைக்கு. எதைப் பறித்தாலும் லெமன் சாற்றின் இடத்தில் ஊற்றிப் பார்ப்பதால்தான் ஏமாற்றம் வருகிறது.

சைட்காரில் இருப்பவை மூன்றே பொருள்கள்: கான்யாக் அல்லது நல்ல திராட்சை பிராந்தி, குவாந்த்ரோ போன்ற ஆரஞ்சு லிக்யூர் (ஆரஞ்சு வாசனையுள்ள இனிப்பு மது), லெமன் சாறு. பிறந்த இடம் பாரிஸா லண்டனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அச்சில் அது 1922-இல் வந்துவிட்டது. அப்போது மூன்றும் சம பங்கு. 1930-இல் லண்டன் சவோய் ஹோட்டலின் ஹாரி கிராடக், பிராந்தி இரண்டு பங்கு, மற்றவை ஒவ்வொரு பங்கு என்று எழுதினார். 1948-இல் காக்டெய்ல் நூலாசிரியர் டேவிட் எம்பரி இன்னும் ஒரு படி மேலே போய், பிராந்தி எட்டு, லெமன் இரண்டு, லிக்யூர் ஒன்று என்றார். இன்று சர்வதேச மதுக்கலைஞர் சங்கம் வைத்திருக்கும் அளவு 50 மி.லி. கான்யாக், 20 மி.லி. ட்ரிபிள் செக் (குவாந்த்ரோ வகை ஆரஞ்சு லிக்யூர்), 20 மி.லி. லெமன் சாறு. எம்பரியின் கோப்பை எனக்கு வறட்சியாகப் படுகிறது, சம பங்கு மிட்டாய்த்தனமாக இருக்கிறது. அதனால் இந்த ஒப்பீடு முழுவதற்கும் 50-20-20 என்பதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிவிட வேண்டும். எலுமிச்சை என்றதும் தமிழில் நம் மனதில் வருவது சிறிய, உருண்டையான, மெல்லிய தோல் கொண்ட பழம். அது லைம் வகை. சைட்கார் கேட்பது லெமன்: நீள்வட்ட வடிவம், தடித்த மஞ்சள் தோல், நுனியில் சிறு மொட்டு. அமில அளவில் இரண்டும் ஏறக்குறைய சமம்தான், ஆனால் எலுமிச்சையின் கூரிய பச்சை வாசம் பிராந்தியில் உள்ள ஓக் மர வாசனையை மூடிவிடுகிறது. ரம்மோடு அழகாகச் சேரும் பழம், பிராந்தியோடு முரண்டு பிடிக்கும். வீட்டில் அந்த மரம் மட்டும்தான் என்றால் 20 மி.லி.க்குப் பதில் 15 போதும். குடிக்கத் தகுந்த பானம் வரும். அதைச் சைட்கார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம்.

யுரேகா, லிஸ்பன் என்னும் இரண்டு சாதாரண லெமன் வகைகளின் சாற்றில் ஐந்து முதல் ஆறு விழுக்காடு அமிலம் இருக்கும். இனிப்பான ஆரஞ்சுச் சாற்றிலோ ஒரு விழுக்காடுகூட இருக்காது. இந்தக் கூர்மையை நம்பித்தான் சைட்காரின் அளவுகள் எழுதப்பட்டிருக்கின்றன. லிக்யூரில் இருக்கும் சர்க்கரையை எதிர்த்து நிற்க இவ்வளவு புளிப்பு தேவை. 50-20-20 என்ற அளவில் கலந்து முதல் வாய் குடிக்கும்போது நாக்கின் ஓரங்கள் சுருங்கும். அடுத்த கணம் ஆரஞ்சு வரும். விழுங்கிய பிறகு பீப்பாயின் வனிலா வாசம் தொண்டையில் தங்கும். மூன்றும் ஒன்றையொன்று மிதிக்காமல் வரிசையாக வருவதுதான் இந்தப் பழத்தின் வெற்றி. இன்னொரு வசதியும் உண்டு. லெமன் மரத்திலேயே பல வாரங்கள் தாங்கும். எலுமிச்சைக் குடும்பத்துப் பழம் எதுவும் பறித்த பிறகு பழுப்பதில்லை என்பதால், மரத்தைவிட நல்ல சேமிப்பு அறை வேறு இல்லை. வேண்டிய மாலையில் வேண்டிய இரண்டைப் பறித்தால் போதும்.

மேயரின் கதை வேறு. அமெரிக்க வேளாண் துறைக்காகச் செடிகள் தேடிச் சென்ற ஃபிராங்க் மேயர் 1908-இல் சீனாவிலிருந்து கொண்டுவந்த பழம் இது. அங்கே அதைத் தொட்டியில் அழகுச் செடியாக வளர்த்துவந்தார்கள். லெமன் என்று பெயரில் இருந்தாலும் அது கலப்பினம். அதன் பரம்பரையில் கமலா ஆரஞ்சின் இரத்தமும் ஓடுகிறது. அந்தப் பழைய மரங்கள் ஆரஞ்சுத் தோட்டங்களையே அழிக்கும் வைரஸைச் சுமந்தன என்று தெரியவந்து, நோயற்ற மேம்பட்ட வகையைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1975-இல் வெளியிட்டது. இன்று வீடுகளில் பெரும்பாலும் இருப்பது அதுதான். தோல் மெல்லியது, எளிதில் நசுங்கும். தொலைதூரப் பயணம் தாங்காது. அதனாலேயே இது சந்தைப் பழமாக இருப்பதைவிட வீட்டுப் பழமாக இருப்பதில்தான் சிறப்பு.

சாற்றில் லெமனின் வேகம் இல்லை. 50-20-20 அளவில் கலந்தால் நாக்குக்கு எதிர்ப்பே கிடைக்காமல், ஆரஞ்சின் மேல் ஆரஞ்சாக இனிப்பு அடுக்கிக்கொண்டே போகும். இதைச் சரிசெய்ய லிக்யூரைக் குறைக்க வேண்டும், சாற்றைக் கூட்ட வேண்டும்: 50 மி.லி. பிராந்தி, 15 மி.லி. லிக்யூர், 25 மி.லி. மேயர் சாறு. இந்த இரண்டு மாற்றமும் செய்த கோப்பை வேறு ஒரு பானம். மென்மையானது, பூவாசம் உள்ளது, அவசரமில்லாதது. லெமன் சைட்காரை உணவுக்கு முன் விரும்புகிறேன் என்றால், இதை உணவுக்குப் பின் விரும்புகிறேன்.

மேயரில் பறிக்கும் நாளும் முக்கியம். மஞ்சள் ஏறத் தொடங்கி, காம்பருகே இன்னும் ஒரு பச்சை வளையம் மிச்சமிருக்கும்போது பறித்தால் புளிப்பு கணிசமாக இருக்கும். முட்டையின் மஞ்சள் கருவைப் போலத் தோல் ஆழ்ந்த நிறம் அடையும்வரை விட்டால் இனிப்பு மேலோங்கிவிடும். ஒரே மரத்தின் பழத்தை பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவில் ஊற்றினால் இரண்டு வேறு பானங்கள் கிடைக்கும். முழுக்கப் பழுத்ததாக இருந்தால் அந்த 25 மி.லி.யில் 5 மி.லி.யைச் சாதாரண லெமனாக மாற்றிவிடுகிறேன்.

மூன்றாவது போட்டியாளரைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை: மார்மலேடுக்குப் பயன்படும் செவில் எனப்படும் கசப்பு ஆரஞ்சு. நடுக்குளிரில் வந்து சீக்கிரம் முடிந்துவிடும் பழம். தோல் கரடுமுரடு, உள்ளே விதை ஏராளம், கடித்துச் சாப்பிட முடியாது. ஆனால் குவாந்த்ரோவே இனிப்பு ஆரஞ்சுத் தோலையும் கசப்பு ஆரஞ்சுத் தோலையும் சேர்த்து வடித்ததுதான். அதே பழத்தின் சாற்றை அதனோடு ஊற்றும்போது, பிரிந்துபோன உறவு கூடிக்கொள்வதைப்போல இருக்கிறது. 50 மி.லி. பிராந்தி, 20 மி.லி. லிக்யூர், 25 மி.லி. சாறு. புளிப்பு லெமனைவிடக் குறைவு, ஆனால் அடியில் ஒரு கசப்பு ஓடுகிறது. அந்தக் கசப்பு இனிப்பைக் கட்டுக்குள் வைக்கிறது. இங்கே லிக்யூரைக் குறைத்தால் கசப்பு துருத்திக்கொண்டு நிற்கும். வயதான பிராந்தி கையில் இருந்தால், எனக்கு லெமனைவிட இதுதான் ஒரு படி மேல். ஒரு எச்சரிக்கை: கிரேப்ஃப்ரூட்டைப் போலவே இந்தப் பழமும் சில மருந்துகளின் செயல்பாட்டை மாற்றும். மருந்துச் சீட்டில் கிரேப்ஃப்ரூட் கூடாது என்றிருப்பவர்கள் இதையும் தொட வேண்டாம்.

பிளட் ஆரஞ்சைப் பார்த்தால் யாருக்கும் கலக்கத் தோன்றும். குளிர்ந்த இரவுகள்தான் அதன் சதைக்குச் சிவப்பைக் கொடுக்கின்றன. அறுத்த வட்டத்தில் அந்த நிறம் திட்டுத் திட்டாகப் பரவியிருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கோப்பையில் அந்த அழகு நிற்பதில்லை. பிராந்தியின் பழுப்போடு சேர்ந்து துருப்பிடித்த நிறம் வருகிறது. புளிப்பும் போதாது. 15 மி.லி. லெமன் சாற்றோடு 10 மி.லி. சேர்த்தால் பரவாயில்லை. நேவல் ஆரஞ்சு அதைவிடப் பொருத்தமில்லாதது: பிழிந்த சாற்றைச் சில மணி நேரம் வைத்தால் லிமோனின் உருவாகிக் கசந்துவிடும். ஒருமுறை மதியம் பிழிந்துவைத்த முழுச் சாடியையும் மாலையில் கொட்ட வேண்டியிருந்தது.

கமலா ஆரஞ்சைப் புளிப்பின் இடத்தில் வைத்தால் தோற்கும். லிக்யூரின் இடத்தில் வைத்தால் ஜெயிக்கும். இரண்டு பழத்தின் தோலில் நிறமுள்ள மேல்பகுதியை மட்டும் சீவி, 250 மி.லி. பிராந்தியில் இரண்டு நாள் ஊறவிட்டு வடிகட்டுங்கள். 50 மி.லி. வெந்நீரில் 100 கிராம் சர்க்கரையைக் கரைத்து, ஆறியதும் அதில் சேருங்கள். குவாந்த்ரோவின் தெளிவு இதில் வராது. ஆனால் வட்டமான, சூடான ஒரு கமலா வாசனை வரும். யுரேகா சாற்றோடு அது பிரமாதமாகச் சேர்கிறது. கும்குவாட் என்னும் குட்டி ஆரஞ்சு இருந்தால் இரண்டை நறுக்கி ஷேக்கரில் நசுக்கிப் போடலாம், அவ்வளவுதான்.

இதுவரை சாற்றைப் பற்றியே பேசினேன். வீட்டு மரத்தின் பெரிய லாபம் தோலில் இருக்கிறது. பளபளப்புக்காகப் பூசும் மெழுகு அதில் இல்லை. பறித்த பத்தாவது நிமிடத்தில் ஒரு மேயரின் தோலைக் கட்டைவிரல் அகலத்துக்குச் சீவி, நிறமுள்ள பக்கம் கோப்பையைப் பார்க்கும்படி பிடித்து, இரு முனைகளையும் சட்டென்று மடித்துப் பாருங்கள். விளக்கு வெளிச்சத்தில் ஒரு மெல்லிய தூறல் பறப்பது கண்ணுக்கே தெரியும். பானத்தின் மேற்பரப்பில் எண்ணெய்த் துளிகள் வட்ட வட்டமாக விரியும். லெமன் வாசனை முதலில் வரும், பின்னால் கமலா, அதற்கும் பின்னால் தைம் இலையைக் கசக்கியதுபோன்ற மூலிகை வாசம். ஒரு வாரம் குளிர்பெட்டியில் கிடந்த பழத்தில் அந்தத் தூறல் பாதிகூட வருவதில்லை. தோல் விஷயத்தில் மேயரை மற்ற எந்தப் பழமும் நெருங்கவில்லை. அதனால் என் வழக்கமான கோப்பைக்குச் சாறு யுரேகாவிலிருந்து, தோல் மேயரிலிருந்து.

பருவம் உச்சத்தில் இருந்து பழம் மிஞ்சினால், நான்கு மேயர் பழங்களின் தோலை 100 கிராம் சர்க்கரையோடு நன்றாகக் கசக்கி, மூடி ஓர் இரவு வைக்கிறேன். காலையில் சர்க்கரை ஈரமாகி, மஞ்சள் நிற எண்ணெய்ப் பாகு அடியில் கூடியிருக்கும். மேயர் சைட்காரில் லிக்யூரை 10 மி.லி.யாகக் குறைத்து இந்தப் பாகு ஒரு தேக்கரண்டி விட்டால், அந்தப் பழம் தன் முழு முகத்தையும் காட்டும்.

பிராந்தியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கான்யாக்கில் விஎஸ் என்றால் பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு, விஎஸ்ஓபி என்றால் 4 ஆண்டு. லெமனின் கூர்மைக்கு விஎஸ் போதும். மேயருக்கும் கசப்பு ஆரஞ்சுக்கும் விஎஸ்ஓபி இருந்தால் நன்று. அதற்கும் மேலே போனால் புளிப்பில் காசு கரைகிறது.

கோப்பையின் விளிம்பில் சர்க்கரை தடவும் வழக்கம் சைட்காருக்கு மூத்த பிராந்தி க்ரஸ்டாவில் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டு நியூ ஆர்லியன்ஸ் பானம் அது. யுரேகாவுக்குப் பாதி விளிம்பு மட்டும் தடவுகிறேன், வேண்டியவர் வேண்டிய பக்கத்தில் குடிக்கலாம். மேயருக்குச் சர்க்கரை விளிம்பு கூடவே கூடாது. கசப்பு ஆரஞ்சுக்கு முழு விளிம்பும் தகும்.

எந்தப் பழமாக இருந்தாலும் சாற்றைக் கலக்குவதற்குச் சற்று முன்புதான் பிழிய வேண்டும். வெள்ளைத் தோல் நசுங்கும்வரை அழுத்த வேண்டாம், வடிகட்டிவிடுங்கள். ஷேக்கரில் ஐஸை நிறையப் போட்டு 12 முதல் 15 விநாடி வேகமாகக் குலுக்கினால் போதும். ஐஸ் உருகிச் சேரும் தண்ணீரும் இந்தப் பானத்தின் அளவில் அடக்கம். கோப்பை முன்பே குளிர்ந்திருக்கட்டும்.

ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்று யாராவது கேட்டால், தயங்காமல் யுரேகா என்பேன். இரண்டுக்கு இடம் இருந்தால் பக்கத்தில் ஒரு தொட்டியில் மேயர். கசப்பு ஆரஞ்சு மரம் உள்ள அண்டை வீட்டார் யாராவது இருந்தால், நடுக்குளிரில் ஒரு கூடை லெமனோடு போய்ப் பண்டமாற்றுச் செய்துகொள்ளலாம். அந்தப் பழத்தை வைத்து என்ன செய்வது என்று அவர்களும் பெரும்பாலும் யோசித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.