முட்டிச்சில்லு விலகினால்: சிடியா, எம்ஆர்ஐயா?

கபடி ஆடும்போது என் மகளுக்கு முட்டிச்சில்லு வெளிப்பக்கமாக விலகி, காலை நீட்டியதும் தானாகவே உள்ளே போய்விட்டது. கடலூரில் எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை. அடுத்து சிடியா, எம்ஆர்ஐயா என்று கேள்வி வந்தது. புதுச்சேரிக்குப் போய் எம்ஆர்ஐ எடுத்தோம். இன்று யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எக்ஸ்ரே எப்படியும் முதலில் எடுக்க வேண்டியது, அதைப் போட்டியில் சேர்க்கவில்லை. நேராகவும் பக்கவாட்டிலும் எடுப்பதோடு, முட்டியை மடக்கி எடுக்கும் ஸ்கைலைன் படமும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சில்லும் அது உட்காரும் பள்ளமும் அதில்தான் தெரியும்.

சிடி சில நிமிடத்தில் முடிந்துவிடும், செலவும் குறைவு. எம்ஆர்ஐக்கு அரை மணி நேரம் வரை அசையாமல் படுக்க வேண்டும், சத்தமும் பெரிது. சரி, இதெல்லாம் தெரிந்ததுதான்.

எங்கள் முடிவு குருத்தெலும்பை வைத்து எடுத்தது. விலகிய சில்லு திரும்பும்போது அதன் உள்விளிம்பு தொடை எலும்பின் வெளிமேட்டில் மோதுகிறது. அந்த இடியில் குருத்தெலும்பு பெயர்ந்து மூட்டுக்குள் மிதக்கலாம். எலும்பும் சேர்ந்து பெயர்ந்தால் எக்ஸ்ரேயிலோ சிடியிலோ பிடிபட வாய்ப்புண்டு. வெறும் குருத்தெலும்புத் துண்டு என்றால் எக்ஸ்ரேயில் தெரியாது, சாதாரண சிடியிலும் சரியாகத் தெரியாது, எம்ஆர்ஐயில் தெரியும். பெரிய துண்டாக இருந்தால் சீக்கிரமே அறுவை செய்து திரும்பப் பொருத்தப் பார்ப்பார்கள். அதனால்தான் தள்ளிப்போட மனம் வரவில்லை. சில்லை உள்பக்கம் இழுத்துப் பிடிக்கும் ஜவ்வு எந்த இடத்தில் கிழிந்தது என்பதும் எம்ஆர்ஐயில் தெரியும். மோதிய இரண்டு இடத்திலும் எலும்புக்குள் அடிபட்ட அடையாளம் இருக்கும். சில்லு விலகியதை யாரும் பார்க்காவிட்டாலும் அதை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

சிடிக்கும் இடம் உண்டு. சில்லின் தசைநார் பிடித்திருக்கும் கால் எலும்பு மேடு, தொடை எலும்புப் பள்ளத்திலிருந்து எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்று அளப்பார்கள். சிடியில் 20 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அதிகம். அதே முட்டியை எம்ஆர்ஐயில் அளந்தால் பொதுவாகச் சில மில்லிமீட்டர் குறைவாக வரும். ஆகவே சிடியின் எல்லையை எம்ஆர்ஐ அளவுக்குப் போட்டுப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அடிக்கடி விலகுகிறவர்களுக்கு, எலும்பை வெட்டி நகர்த்தும் அறுவைக்கு முன்னால், தொடை எலும்பு முறுக்கியிருக்கிறதா என்று பார்க்கவும் சிடி எடுப்பார்கள். அப்போது இடுப்பும் படத்தில் வரும் என்பதால், முட்டிக்கு மட்டும் எடுப்பதைவிடக் கதிர்வீச்சு கூடும். எங்களுக்கு அந்தக் கட்டம் வரவில்லை, அதனால் சிடி விஷயத்தில் என் பேச்சை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

எம்ஆர்ஐ எடுத்தால் ரிப்போர்ட் தாளோடு படங்கள் பதிந்த குறுந்தட்டையும் வாங்கி வாருங்கள், அறுவை மருத்துவர் படங்களைத்தான் பார்ப்பார். அப்புறம், முட்டிக்குப் பட்டை போட்டிருந்தாலும் பஸ் வேண்டாம். ரெட்டிச்சாவடி வழியாக ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் முகம் சுளித்தாள்.